கொழுப்பு மாத்திரை வாய்ப்புற்றுக்கும் கேட்குமா?

2 ஆகஸ்ட் 2025, வாசகர் கேள்வி

அப்பாவுக்கு 62 வயது. இடது கன்னத்தில் புற்று. ஆபரேஷன் முடிந்து கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தாயிற்று, இப்போது கழுத்தில் திரும்ப வந்திருக்கிறது. இம்யூனோதெரபி ஊசி போடலாம் என்கிறார்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் அந்த ஊசி இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டிருக்கிறார். அப்பா ஸ்டென்ட் வைத்தவர், ஏற்கெனவே அட்டார்வாஸ்டாட்டின் 20 சாப்பிடுகிறார். அதை 80 ஆக்கிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 ஆகஸ்ட், இரவு

80 ஆக்க வேண்டாம். 20-ஐ நிறுத்தவும் வேண்டாம், அது ஸ்டென்டுக்காகப் போடுவது. நான் டாக்டர் இல்லை, மருந்துக்கடை வைத்திருப்பவன். சித்தப்பாவுக்கு நாக்கில் வந்து கூடவே அலைந்த நாட்களில் இதைத் தோண்டிப் படித்தேன். அந்த ஃபார்வர்டில் பொய் இல்லை, ஆனால் பாதியை விழுங்கிவிட்டார்கள். நாளை உட்கார்ந்து எழுதுகிறேன்.

3 ஆகஸ்ட்

முதலில் ஊசி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் மாத்திரை எங்கே வந்து சேர்கிறது என்று புரியாது. நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள்தான் புற்றுச் செல்லைக் கண்டுபிடித்துக் கொல்ல வேண்டியவை. அவற்றின் மேல் பிடி-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. புற்றுச் செல் அதைப் பிடித்து அழுத்தினால் டி செல் அடங்கிப்போகும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் அந்தப் பிடியை விலக்குகிற ஆன்டிபாடிகள். 2016-இல் வெளியான செக்மேட் 141 சோதனையில், பிளாட்டினம் கீமோவுக்கு அடங்காத தலை-கழுத்துப் புற்றுக்காரர்கள் 361 பேரைச் சேர்த்தார்கள். நிவோலுமாப் போட்டவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 36 சதவீதம், வேறு மருந்து போட்டவர்களில் 16.6 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கட்டி ஸ்கேனில் தெரிகிற அளவுக்குச் சுருங்கியது நூற்றில் 13 பேருக்குத்தான். மீதிப் பேருக்கு எதைச் சேர்த்துக் கொடுத்தால் ஊசி கேட்கும் என்று அன்றிலிருந்து தேடுகிறார்கள், அந்தத் தேடலில் சிக்கிய பல பழைய மருந்துகளில் கொழுப்பு மாத்திரையும் ஒன்று.

ஃபார்வர்டில் சொன்ன ஆராய்ச்சி அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் நடந்து 2023-இல் வெளியானது என்று நினைக்கிறேன், விவரம் அதோடுதான் பொருந்துகிறது. ஸ்டாட்டின் என்பது இந்தக் கொழுப்பு மாத்திரைகளின் குடும்பப் பெயர், அதில் ஆறை எடுத்துச் சோதனைக் குழாயில் பார்த்தார்கள். சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், ஃப்ளூவாஸ்டாட்டின் மூன்றும் புற்றுச் செல் பெருகுவதைக் குறைத்தன, டி செல் கொல்வதற்கும் அதை வாகாக்கின. அப்புறம், பிடி-1 ஊசிக்கு அடங்காத வாய்ப்புற்று உள்ள எலிகளில் முயன்றார்கள். மாத்திரை மட்டும் கொடுத்தபோது வந்த பலன் நிலைக்கவில்லை. ஊசியோடு சிம்வாவோ லோவாவோ சேர்த்தபோது கட்டி அடங்கியது, எலிகள் கூடுதல் நாள் பிழைத்தன. லோவா சேர்த்த சில எலிகளில் கட்டி முழுதாகவே போய்விட்டது.

இவ்வளவுதான் ‘நிரூபித்துவிட்டார்கள்’. அப்பா சாப்பிடும் அட்டார்வாஸ்டாட்டின் மேலே சொன்ன மூன்றில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4 ஆகஸ்ட்

‘எலிக்குத்தானே, விடுங்கள் சார்’ என்று ஒருவர். சரி, எலிகள் கொடுத்துவைத்தவை, இதுவரை அவற்றுக்குக் குணமாகாத புற்று ஏதாவது இருக்கிறதா என்ன. ஆனாலும் எலி என்பதற்காகவே தூக்கிப்போட மாட்டேன், பிடி-1 விஷயமே எலியில் தொடங்கியதுதான்.

6 ஆகஸ்ட்

கொழுப்பைக் குறைக்கிற மாத்திரைக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை அலசி, 1973-இல் பச்சை-நீலப் பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தார். அந்தப் பூஞ்சை கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்தது. போன வருடம் ஜூனில் 90 வயதில் காலமானார். என் கடையில் ஒரு நாளில் விற்கும் அட்டைகளில் பாதி அவருக்குக் கடன்பட்டவை, அவர் பெயரைத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. கடைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் லோவாஸ்டாட்டின், அமெரிக்காவில் 1987-இல்.

கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராக ஒரு நீண்ட வேதி வரிசை உண்டு, மெவலோனேட் பாதை என்பார்கள். ஸ்டாட்டின் அடைப்பது அந்த வரிசையின் ஆரம்பத்தில் இருக்கும் ஒரு நொதியை. வாய்க்காலைத் தலைமதகிலேயே அடைத்தால் கடைசி வயலுக்கு மட்டுமா தண்ணீர் நிற்கும், நடுவில் பிரிகிற எல்லாக் கிளைக்கும் நிற்கும். அப்படி நடுவில் பிரிகிறவற்றில் முக்கியமானவை ஐசோப்ரினாய்டுகள். செல்லுக்குள் ராஸ், ரோ, ராப் என்று சில புரதங்கள் சவ்வில் ஒட்டிக்கொண்டு வேலை செய்ய இந்த ஐசோப்ரினாய்டு வால் வேண்டும். வால் இல்லாவிட்டால் அவை மிதந்துகொண்டு சும்மா கிடக்கும். புற்றுச் செல் பெருக ராஸ் தேவை என்பதால் அங்கே ஒரு அடி விழுகிறது.

எதிர்ப்புச் சக்திப் பக்கம் 2018-இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு ஒன்று பார்த்தது இன்னும் சுவாரஸ்யம். அந்நியப் பொருளை விழுங்கித் துண்டாக்கி டி செல்லுக்குக் காட்டுகிற செல்கள் உண்டல்லவா, அவற்றில் ராப்5 என்ற புரதத்துக்கு வால் கிடைக்காமல் ஸ்டாட்டின் தடுத்தது. அதனால் விழுங்கிய பொருள் சீக்கிரம் செரித்துப்போகாமல் உள்ளேயே தங்கியது, செல் அதை அதிக நேரம் டி செல்லுக்குக் காட்டியது. எலிகளில் தடுப்பூசியோடு கொடுத்தால் பலன் கூடியது, பிடி-1 ஊசியோடும் கூடியது. எமரி எலிகளிலும் இதற்கு ஒத்த அடையாளம் இருந்தது. கட்டியை ஒட்டிய நெறிமுடிச்சுகளில் (நிணநீர்க் கணுக்கள்) டி செல்கள் விழித்திருந்தன, கட்டிக்குள் இருந்த மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் கட்டிக்கு ஒத்தாசை செய்யும் குணத்திலிருந்து எதிர்க்கும் குணத்துக்கு நகர்ந்திருந்தன.

6 ஆகஸ்ட், இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்துகிறது. நெறிமுடிச்சில்தான் டி செல் விழிக்கிறது என்றால், நம் ஊரில் கன்னப் புற்றுக்கு ஆபரேஷன் செய்யும்போது பெரும்பாலும் கழுத்து முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் அந்த இடத்துக்கே கரண்ட் வைக்கிறார்கள். கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கும் அநேகமாக அப்படித்தான் நடந்திருக்கும். எலிக்கு முடிச்சு அப்படியே இருந்தது. அங்கே நடந்தது இங்கே நடக்கும் என்று எதை வைத்துச் சொல்வது?

இதோடு பொருந்துகிற ஒரு சேதி. ஆபரேஷனுக்கு முன்பே பெம்ப்ரோலிசுமாப் தொடங்கிப் பார்த்த கீநோட் 689 என்ற சோதனையில் 714 பேர். நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்த காலத்தின் இடைநிலை 30 மாதத்திலிருந்து கிட்டத்தட்ட 52 மாதத்துக்குப் போனது. இந்த ஜூனில் அமெரிக்காவில் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். முடிச்சுகள் உடம்பில் இருக்கும்போதே ஊசி போடுவதில்தான் சூட்சுமம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும்.

9 ஆகஸ்ட்

கொலஸ்ட்ரால் குறைந்தால் டி செல்லுக்கு நல்லது என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். அவ்வளவு சுலபமில்லை. 2016-இல் சீன ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு வேலையில், டி செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் கூடியபோதுதான் அது நன்றாகச் சண்டை போட்டது. கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் மூட்டை கட்டி வைக்கிற ஒரு நொதியை அடைத்து அதைச் செய்தார்கள். 2019-இல் வேறொரு குழு, கட்டிக்குள் இருக்கும் கொலஸ்ட்ரால் டி செல்லைக் களைக்க வைக்கிறது என்று காட்டியது. இரண்டும் நல்ல இதழ்களில் வந்தவை. எந்த இடத்தில், எந்தச் செல்லில், சவ்விலா உள்ளேயா என்பதைப் பொறுத்து விஷயம் மாறுகிறது போல. மாத்திரையோ உடம்பு முழுக்கப் போகிறது, இந்த நுணுக்கம் எல்லாம் அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டாட்டின் போதாதவர்களுக்கு இப்போது பிசிஎஸ்கே9 தடுப்பு ஊசிகள் வருகின்றன, எவோலோகுமாப் மாதிரி. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கண்டது, பிசிஎஸ்கே9 என்ற புரதம் புற்றுச் செல்லின் மேலிருக்கும் எம்எச்சி-1 என்ற அடையாள அட்டையையும் அழிவுக்கு அனுப்புகிறது. அதைத் தடுத்தால் அட்டைகள் மேலேயே நிற்கும், டி செல்லுக்கு எதிரி தெரியும். வேடிக்கை என்னவென்றால் அந்த வேலையில் கொலஸ்ட்ராலுக்குப் பங்கே இல்லை, கொழுப்புக்காகத் தேடிய மருந்து வேறு கதவைத் திறந்துவிட்டது. ஸ்டாட்டின் கதையும் அப்படி முடியலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

10 ஆகஸ்ட்

‘அப்படியானால் நெய் நிறையச் சாப்பிட்டால் டி செல் பலம் பெறுமா?’ பெறாது. ஆனால் கரண்ட் வைத்து வாய் வெந்து எடை இறங்குகிறவருக்குக் கஞ்சியில் நெய் ஊற்றிக் கொடுங்கள், அது வேறு காரணம்.

14 ஆகஸ்ட்

மனிதர்கள் பக்கம் வருகிறேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று ஒருவர் கோபிக்கிறார், கோபிக்கட்டும்.

2012-இல் டென்மார்க் நாட்டுப் பதிவேடுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 1995 முதல் 2007 வரை புற்று கண்டறியப்பட்ட, 40 வயதைத் தாண்டிய எல்லோரையும் எடுத்து, நோய் வருவதற்கு முன்பே ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் புற்றால் இறப்பது 15 சதவீதம் குறைவு. தலை-கழுத்துப் புற்றிலும் இதே சாயலில் சில பதிவேட்டு ஆய்வுகள் உண்டு. பார்த்ததும் ஆசை வரும். எனக்கும் வந்தது. சித்தப்பாவுக்குக் கொழுப்பே இல்லை, அப்போதும் ஒரு அட்டையை எடுத்துப் பையில் வைத்தேன், சித்தி கேட்ட ஒரே கேள்வியில் திரும்பக் கடையில் போட்டேன். ‘டாக்டர் எழுதினாரா?’

இந்த மாதிரி ஆய்வில் இருக்கும் பொறியைச் சொல்கிறேன். மாத்திரை தொடர்ந்து வாங்கிச் சாப்பிடுகிறவர் யார்? டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவர், கையில் காசு இருப்பவர், மாத்திரை விழுங்கத் தெம்பு இருப்பவர். கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிக்கு எந்த டாக்டரும் கொழுப்பு மாத்திரையைத் தொடர்ந்து எழுத மாட்டார். புற்று வந்த பிறகு மாத்திரை தொடங்கியவர்களைக் கணக்கில் எடுத்தால் இன்னும் மோசம், தொடங்குகிற நாள் வரை அவர் உயிரோடு இருந்தே ஆக வேண்டும், அந்த நாட்களும் மாத்திரையின் வரவில் ஏறிவிடும். 2018-இல் அமெரிக்காவின் மெடிகேர் என்ற முதியோர் காப்பீட்டுப் பதிவுகளில் இந்தக் குளறுபடியைக் கழித்துவிட்டு, சோதனை நடத்துவது போலவே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். லாபம் காணாமல் போய்விட்டது.

குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு, ஆனால் நுரையீரல் புற்றில், ஊசி இல்லாமல் கீமோவோடு. பிரிட்டனில் 846 பேர், பிராவாஸ்டாட்டின் 40. ஒரு பலனும் இல்லை.

தலை-கழுத்துக்கே வந்தால் கனடாவின் டொரன்டோவில் 2005-இல் ஒரு சிறிய சோதனை. லோவாஸ்டாட்டினை உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்தார்கள், தசை பழுதாகிறது என்று 7.5-க்கு இறங்கினார்கள். 60 கிலோ ஆளுக்கு அது ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம். கொழுப்புக்குக் கொடுக்கும் உச்சமே 80-தான். அப்படிக் கொடுத்தும் கட்டி சுருங்கியவர் ஒருவரும் இல்லை, சிலருக்குக் கொஞ்ச காலம் வளராமல் நின்றது. மாத்திரை தனியாகக் கட்டியைக் கொல்லும் என்ற ஆசை அத்தோடு போயிற்று. ஊசிக்குத் துணை என்ற கதை வேறு, அது இன்னும் திறந்துதான் இருக்கிறது.

15 ஆகஸ்ட்

ஆன்லைனில் ‘ரெட் ஈஸ்ட் ரைஸ்’ காப்ஸ்யூல் இயற்கையானது, அதை வாங்கலாமா என்கிறார் ஒருவர். அதில் இருக்கும் மோனகோலின் கே-யும் லோவாஸ்டாட்டினும் ஒரே பொருள்தான். அதையும் 1979-இல் பிரித்தெடுத்தவர் நம் எண்டோதான். ஒரு காப்ஸ்யூலில் எவ்வளவு இருக்கிறது என்று நம்பிச் சொல்ல முடியாத லோவாஸ்டாட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி வரும் முன்பே சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அரிசியின் நிறம், இது பூஞ்சையின் நிறம்.

17 ஆகஸ்ட்

‘எங்கள் பாட்டி புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்குதான் போட்டார், அவருக்கு எப்படி வந்தது’ என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். பாக்கே போதும் அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இலேயே பாக்கை மட்டும் தனியாகவும் புற்று உண்டாக்கும் பட்டியலில் முதல் வகையில் வைத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா தடை, பாக்குக்கு அப்படி எதுவும் இல்லை. தாம்பூலத்தைத் தடை செய் என்று சொல்கிற அரசியல்வாதி இன்னும் பிறக்கவில்லை.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளைக்காரர் நாடுகளில் தலை-கழுத்துப் புற்று என்றால் அதில் பெரும் பங்கு தொண்டையில் எச்பிவி வைரஸால் வருவது. நம்முடையது கன்னமும் நாக்கும், புகையிலையும் பாக்கும். அங்கே வந்த எண்களை இங்கே அப்படியே ஒட்ட வேண்டாம்.

20 ஆகஸ்ட்

எதிர்ப்புச் சக்திக் கதையைவிட எனக்குக் கைக்கு எட்டுவதாகத் தெரிகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

ஒன்று காது. சித்தப்பாவுக்குக் கரண்டோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றினார்கள். நோய் அடங்கியது, காது போயிற்று. முதலில் ‘ங்ஙொய்’ என்று ஒரு சத்தம், அப்புறம் குழந்தைகள் பேசுவது கேட்கவில்லை, பிறகு எதற்கும் தலையாட்டிச் சிரிக்கப் பழகிவிட்டார். இது சகஜம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, முதல் ஊசிக்கு முன் ஆடியோகிராம் என்ற காதுப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. சிஸ்பிளாட்டின் உள்காதில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கிவிடும். அமெரிக்க அரசின் காது கேளாமை ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல், சிஸ்பிளாட்டின் ஏற்றிய தலை-கழுத்துப் புற்றுக்காரர்கள் 277 பேரின் காதுப் பரிசோதனைகளைப் பார்த்தது. கூடவே அட்டார்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்குக் காது பழுதாகும் வாய்ப்பு 53 சதவீதம் குறைவாக இருந்தது. இதுவும் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, 14-ஆம் தேதி நான் எழுதிய பொறி இதிலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் காது கேட்கிறதா இல்லையா என்பது சில மாதத்தில் தெரிந்துவிடுகிற விஷயம், யார் அதிக நாள் பிழைத்தார் என்ற குழப்பம் அதிகம் புகாது. அதனால் இதை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இரண்டாவது கழுத்து. கரண்ட் வைத்த பிறகு கழுத்துத் தோல் பலகை மாதிரி இறுகிப்போகுமே, அது. பிரான்சில் அப்படி இறுகியவர்களுக்கு பிராவாஸ்டாட்டின் 40 ஒரு வருடம் கொடுத்தார்கள். முடித்த 42 பேரில் 15 பேருக்கு இறுக்கத்தின் தடிமன் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. ஒப்பிட மாத்திரை சாப்பிடாத குழு இல்லை, ஆகவே இதையும் அளந்துதான் நம்ப வேண்டும். ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கிறவரை வீட்டில் வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

24 ஆகஸ்ட்

‘எப்படியும் கொழுப்பு மாத்திரையால் கெடுதல் இல்லையே, சாப்பிட்டுப் பார்த்தால் என்ன’ என்ற கேள்வி மூன்று விதமாக வந்துவிட்டது. கெடுதல் உண்டு, அதுவும் குறிப்பாக இந்த நோயாளிகளுக்கு.

கரண்ட் வைத்த வாயில் வெள்ளை படியும், பூஞ்சைத் தொற்று. அதற்கு ஃப்ளூகோனசோல் எழுதுவார்கள், சில சமயம் இட்ராகோனசோல். சிம்வாஸ்டாட்டினையும் லோவாஸ்டாட்டினையும் கல்லீரலில் உடைக்கிற நொதியை இட்ராகோனசோல் அடைத்துவிடும், மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறும், தசை கரைந்து சிறுநீரகம் அடைபடலாம். சேர்த்துக் கொடுக்கவே கூடாத ஜோடி. எலிக்கு வேலை செய்த இரண்டும் இந்த இரண்டுதான் என்பதைக் கவனியுங்கள். கிளாரித்ரோமைசினோடும் இதே கதை.

அடுத்தது ஊசியின் பக்கவிளைவு. பிடி-1 ஊசி டி செல்லை அவிழ்த்துவிடுவதால் அபூர்வமாக அவை நம் தசையையே தாக்கும், இதயத் தசையையும் சேர்த்து. அறிகுறி தசைவலி, தளர்ச்சி, சிபிகே (தசை பழுதானால் ரத்தத்தில் ஏறும் நொதி) எகிறுவது. ஸ்டாட்டினின் பக்கவிளைவும் தசைவலி, சிபிகே. வீட்டில் யாருக்கும் தெரியாமல் 80 போட்டுக்கொண்டிருந்தால் டாக்டர் எதை நிறுத்துவார்? கல்லீரல் எண்களிலும் இதே குழப்பம்.

27 ஆகஸ்ட்

ஊசி விலையைக் கேட்டு மலைத்துப்போனதாகக் கேள்வி கேட்டவர் தனியாக எழுதினார். பொதுவில் சொல்லலாம் என்பதால் இங்கேயே போடுகிறேன். மும்பை டாடா மெமோரியலில் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கூடவே மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோட்டினிப் என்ற மாத்திரை கீமோ. 151 பேர், பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் என்றால் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தால் 43.4. குலுக்கிப் பிரித்து, நம் ஊர்க் கன்னமும் நாக்கும் உள்ளவர்களிடம் செய்தது. டாக்டரிடம் கேட்பதானால் ஸ்டாட்டினைவிட முதலில் இதைக் கேளுங்கள். அப்பாவுக்குப் பொருந்துமா என்று அவர்தான் சொல்ல வேண்டும், ஸ்டென்ட் வைத்தவருக்குச் செலிகாக்ஸிப் கொடுப்பது பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

2 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் டாக்டரைப் பார்த்துவிட்டார். அட்டார்வாஸ்டாட்டின் 20 அப்படியே தொடரட்டும் என்று சொல்லியிருக்கிறார். கொஞ்ச அளவு ஊசிக்குச் சம்மதம், செலிகாக்ஸிப் வேண்டாமென்று இதய டாக்டர் சொன்னதால் அது இல்லாமல். முதல் ஊசி அடுத்த வாரம்.

வாயில் வெள்ளை படிந்திருக்கிறது என்று ஒரு பூஞ்சை மாத்திரையும் எழுதியிருக்கிறார்களாம், பெயர் ஞாபகமில்லையாம். அட்டையின் பின்பக்கத்தைப் படித்து எழுதுங்கள். ஃப்ளூகோனசோல் என்றால் பெரிய பயமில்லை, ஆனாலும் தசைவலி வந்தால் சொல்ல வேண்டும். இட்ராகோனசோல் என்றால் அட்டார்வா 20-ஐத் தாண்டவே கூடாது, அதை எழுதிய டாக்டருக்கு இந்த மாத்திரையும் உள்ளே போகிறது என்று தெரியுமா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.